பேடில் ஷிஃப்டருக்காக மேல் வேரியன்ட்டுக்குப் போகலாமா? ஒரு சோளிங்கர் கணக்கு



சோளிங்கர்ல இருந்து ஒரு தம்பி ஆபீஸுக்கு வந்திருந்தார். ராணிப்பேட்டை சிப்காட் பக்கம், தோல் ஏற்றுமதி பண்ற ஒரு கம்பெனியில வேலை. பிடித்தம் எல்லாம் போக கைக்கு வர்றது 68,000. வந்த வேலை வருமான வரி. ஆனா ஃபார்ம் 16-ஐ எடுத்து வச்ச கையோட, ஷோரூம் கொட்டேஷன் ரெண்டையும் டேபிள்ல வச்சார்.

"அண்ணா, ரெண்டுமே ஆட்டோமேட்டிக் எஸ்யூவிதான். மேல இருக்கிற வேரியன்ட்ல பேடில் ஷிஃப்டர் வருது. ஒரு லட்சத்து நாப்பதாயிரம்தான் வித்தியாசமாம். இஎம்ஐ-ல தெரியவே தெரியாதுன்னு சொல்றாங்க. போகலாமா?"

இதே கேள்வி நிறைய பேருக்கு இருக்கு. சிலர் கார் வாங்கின பிறகு, "தனியா வாங்கி மாட்டிக்கலாமா?"ன்னும் கேக்குறாங்க. அதனால ரெண்டையும் சேர்த்தே பார்த்துடலாம். நான் மெக்கானிக் இல்ல, சிஏ. ஆனா ஒரு பொருள் என்ன வேலை செய்யும்னு புரியாம, அதோட விலை சரியா தப்பான்னு சொல்ல முடியாது. அதனால முதல்ல வேலை, அப்புறம் விலை.

பேடில் ஷிஃப்டர் என்ன பண்ணும்?

ஸ்டீயரிங்குக்குப் பின்னாடி, விரல் படுற இடத்துல ரெண்டு சின்ன இறக்கை மாதிரி இருக்கும். வலது பக்கம் பிளஸ், இடது பக்கம் மைனஸ். பிளஸ்ஸை இழுத்தா கியர் ஒண்ணு ஏறும், மைனஸை இழுத்தா ஒண்ணு இறங்கும். கிளட்ச் கிடையாது. அவ்வளவுதான்.

இது ரேஸ்ல இருந்து வந்த சமாச்சாரம். 1989-ல ஃபெராரி தன்னோட ஃபார்முலா ஒன் கார்ல இதைக் கொண்டு வந்துச்சு. அந்த வருஷ முதல் பந்தயமான பிரேசில்லயே நைஜல் மேன்செல் அந்தக் காரை ஓட்டி ஜெயிச்சார். ரேஸ் டிரைவர் ஸ்டீயரிங்ல இருந்து கையை எடுக்காம கியர் மாத்தலாம். ஒரு வளைவுல நொடியில ஒரு பங்கு மிச்சமாகும். அவருக்கு அது வெற்றி தோல்வி விஷயம்.

நமக்கு? இன்னைக்கு க்ரெட்டா, செல்டோஸ், பிரெஸ்ஸா, நெக்ஸான், எலிவேட்னு பல எஸ்யூவிகளோட ஆட்டோமேட்டிக் வேரியன்ட்கள்ல இது வருது. சின்ன எக்ஸ்டர்ல ஏஎம்டி கியர்பாக்ஸோடவே வருது. ஆனா இதுல ஒரு விஷயத்தைக் கவனிங்க. பேடில்ங்கிறது ஒரு சுவிட்ச். அது கியர்பாக்ஸ் கம்ப்யூட்டருக்கு, "ஒரு கியர் மாத்து"ன்னு சொல்லி அனுப்புது, அவ்வளவுதான். கியர்பாக்ஸ் எவ்வளவு வேகமோ அவ்வளவு வேகத்துலதான் மாறும். ஏஎம்டி-ல இருக்கிற அந்தச் சின்னத் தயக்கம், பேடில் இருந்தாலும் இருக்கும். சிவிடி-ல உண்மையான கியர் படிகளே கிடையாது. படி மாதிரி நடிக்க வைக்கிறாங்க. தப்பான கியரைக் கேட்டா, இஞ்சினைக் காப்பாத்துறதுக்காக கம்ப்யூட்டர் மறுத்துடும்.

இன்னொண்ணு, பல ஆட்டோமேட்டிக் கார்ல கியர் லீவரை ஒரு பக்கம் தள்ளினா பிளஸ், மைனஸ் அங்கேயே இருக்கும். அதே சுவிட்ச், வேற இடம். உங்க லீவர்ல அது இருந்தா, பேடில் செய்யுற வேலை உங்களுக்கு ஏற்கெனவே கிடைச்சாச்சு.

எங்க உதவும், எங்க உதவாது?

உதவுற முதல் இடம் மலை இறக்கம். ஏலகிரியை எடுத்துக்குங்க. மேல போக 14 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது ஆட்டோமேட்டிக் தானா சமாளிச்சுடும். இறங்கும்போதுதான் சிக்கல். டி-ல விட்டுட்டு பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இறங்கினா, பிரேக் சூடாகிக்கிட்டே போகும். சூடு அதிகமானா பேடோட பிடிப்பு குறையும். பிரேக் ஆயில் கொதிக்கிற நிலைக்கும் போகலாம். அப்போ மிதிச்சாலும் வண்டி நிக்காது. இதுக்கு வழி, கியரை ரெண்டாவதுக்கோ மூணாவதுக்கோ இறக்கி, இஞ்சினையே வேகத்தைப் பிடிச்சு வைக்க விடுறது. பழைய லாரி டிரைவருங்க சொல்வாங்களே, ஏறின கியர்லயே இறங்கணும்னு, அதேதான்.

சோளிங்கர்க்காரங்களுக்கு இதைச் சொல்லணும்னே அவசியம் இல்ல. பிரேக்ஸ் இந்தியாவோட ஃபவுண்ட்ரி அங்கதான் இருக்கு. சூடு ஏறினா பிரேக் என்ன ஆகும்னு தெரிஞ்சவங்க தெருவுக்கு ஒருத்தர் கிடைப்பாங்க.

ரெண்டாவது இடம், ஒத்தை ரோட்டுல ஓவர்டேக். அரக்கோணம் ரோட்டுல முன்னாடி ஒரு லோடு லாரி போகுதுன்னு வச்சுக்குங்க. ஆக்ஸிலரேட்டரை மிதிச்சதும் ஆட்டோமேட்டிக் யோசிச்சு கியர் இறக்க ஒரு நொடி ஆகும். மைனஸை முன்னாடியே ஒரு தடவை இழுத்துட்டா வண்டி தயாரா இருக்கும். உண்மையிலேயே இது நல்ல வசதி. ஆனா ஆக்ஸிலரேட்டரை முழுசா அழுத்தினாலும் கியர் இறங்கத்தான் செய்யும். ஸ்போர்ட் மோட் இருந்தா அதுவும் இதே வேலையைச் செய்யும்.

உதவாத இடம்? மத்த எல்லா இடமும். வாலாஜா, ராணிப்பேட்டை ஆபீஸ் ட்ராஃபிக்ல யாரும் பேடில் இழுக்கிறதில்ல. பள்ளிகொண்டா, வாணியம்பாடி சுங்கச்சாவடி தாண்டி நாலு வழிச் சாலையில போகும்போதும் டி-யே போதும். கார்த்திகை ஞாயித்துக்கிழமை சோளிங்கர் கூட்டத்துல முதல் கியரைத் தாண்டவே முடியாது. மலைக்கோயிலுக்காவது கார் போகுமான்னா, அதுவும் கிடையாது. நரசிம்மரைப் பார்க்க 1,305 படி ஏறணும், இல்லன்னா 2024-ல வந்த ரோப் கார்.

அந்தத் தம்பிகிட்ட, "வருஷத்துக்கு எத்தனை தடவை மலைக்குப் போவீங்க?"ன்னு கேட்டேன். கொஞ்சம் யோசிச்சுட்டு, "ஏலகிரி ஒண்ணு, ஏற்காடோ ஊட்டியோ ஒண்ணு"ன்னார். சரி, வருஷத்துக்கு ரெண்டு. இந்த நம்பரை ஞாபகம் வச்சுக்குங்க, திரும்ப வருவோம்.

1,40,000 எப்படி 2,94,000 ஆச்சு?

கொட்டேஷன்ல இருந்த தொகையைக் கணக்குக்கு வசதியா முழு எண்ணா மாத்திக்கிறேன். கீழ் வேரியன்ட் எக்ஸ் ஷோரூம் 9,80,000. மேல் வேரியன்ட் 11,20,000. வித்தியாசம் 1,40,000. சேல்ஸ்ல சொன்னது பொய் இல்ல. ஆனா அது பாதிக் கதைதான்.

தமிழ்நாட்டுல 2023 நவம்பர்ல இருந்து காருக்கான ஆயுட்கால சாலை வரி இப்படி இருக்கு: 5 லட்சம் வரைக்கும் 12 சதவீதம், 5-ல இருந்து 10 லட்சம் வரைக்கும் 13 சதவீதம், 10-ல இருந்து 20 லட்சம் வரைக்கும் 18 சதவீதம், அதுக்கு மேல 20 சதவீதம். 10 லட்சம்ங்கிற கோட்டைத் தாண்டினா, தாண்டின தொகைக்கு மட்டும் 18 சதவீதம்னு நினைக்காதீங்க. வருமான வரி ஸ்லாப் மாதிரி இது வேலை செய்யாது. முழு விலைக்கும் 18 சதவீதம்.

கீழ் வேரியன்ட்: 9,80,000-க்கு 13 சதவீதம் = 1,27,400
மேல் வேரியன்ட்: 11,20,000-க்கு 18 சதவீதம் = 2,01,600
வரியில மட்டும் வித்தியாசம்: 74,200

ஆக, 1,40,000 + 74,200 = 2,14,200. இன்சூரன்ஸும் கொஞ்சம் ஏறும். அதை இப்போதைக்கு விட்டுடலாம்.

தம்பிகிட்ட கையில இருக்கிற டவுன் பேமென்ட் ரெண்டு வேரியன்ட்டுக்கும் ஒரே தொகைதான். அதனால இந்த 2,14,200 முழுசா லோன்ல போய்ச் சேரும். 9.5 சதவீத வட்டி, 7 வருஷம்னு வச்சா, இதுக்கு மட்டும் மாசம் சுமார் 3,500. 84 மாசத்துல மொத்தம் சுமார் 2,94,000.

இப்போ அந்த நம்பருக்கு வருவோம். வருஷத்துக்கு ரெண்டு மலைப் பயணம், 7 வருஷத்துக்கு 14. 2,94,000-ஐ 14-ஆல வகுத்தா 21,000. ஒரு தடவை மலை இறங்க 21,000 ரூபாய்!

"அண்ணா, இது அநியாயக் கணக்கு. மேல் வேரியன்ட்ல சன்ரூஃப், பெரிய ஸ்க்ரீன் எல்லாம் வருதே"ன்னார். நியாயமான பேச்சு. அதனால ஒரு பேப்பர் கொடுத்தேன். ரெண்டு வேரியன்ட்டுக்கும் நடுவுல என்னென்ன வித்தியாசமோ அத்தனையும் வரிசையா எழுதச் சொன்னேன். ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல, "இதைத் தனியா வித்தா நான் எவ்வளவு கொடுப்பேன்?"னு அவரே ஒரு தொகை போடணும். பேடிலுக்கு 5,000 போட்டார். சன்ரூஃபுக்கு 25,000. ஸ்க்ரீனுக்கு 15,000. அலாய் வீல், சீட் கவர் எல்லாம் சேர்த்தும் மொத்தம் 80,000-ஐத் தாண்டல. அவருக்கே 80,000 பெறுமானம் உள்ள ஒண்ணுக்கு 2,94,000 கொடுக்கத் தயாரா இருந்திருக்கார்.

நீங்களும் ஷோரூம் போறதுக்கு முன்னாடி இந்தப் பேப்பரை எழுதிடுங்க. போன பிறகு எழுத முடியாது. அங்க ஏசி நல்லா இருக்கும், காபியும் கொடுப்பாங்க.

வரி பத்தி நாலு வார்த்தை

ஒண்ணு, ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22-ல இருந்து, 4 மீட்டருக்குள்ள நீளம், பெட்ரோல்னா 1200 சிசி வரைக்கும், டீசல்னா 1500 சிசி வரைக்கும் உள்ள காருக்கு 18 சதவீதம். மத்த பெட்ரோல், டீசல் காருக்கு 40 சதவீதம். நீளம், இஞ்சின் ரெண்டுமே உள்ள வரணும். உதாரணமா பிரெஸ்ஸா 4 மீட்டருக்குள்ளதான் இருக்கு, ஆனா பெட்ரோல் இஞ்சின் 1462 சிசி. அதனால 40. அதே மாடல்லயே வேற இஞ்சின் எடுத்தா வரி மாறுற கார்களும் உண்டு. "சின்ன எஸ்யூவிதானே"ன்னு நினைச்சு ஏமாறாதீங்க.

ரெண்டு, டிசிஎஸ். விலை 10 லட்சத்தைத் தாண்டினா 1 சதவீதம் டீலர் பிடிப்பார். நம்ம உதாரணத்துல 11,200. இது செலவு இல்ல, உங்க கணக்குல போய்ச் சேர்ற வரி. 26ஏஎஸ்-ல வரும். ரிட்டர்ன்ல க்ளெய்ம் பண்ணிக்கலாம். வருஷ நடுவுலயே ஹெச்ஆர்கிட்ட தெரிவிச்சா, சம்பள டிடிஎஸ்-ல கழிச்சுக்கவும் வழி இருக்கு. நிறைய பேர் இதை மறந்தே போயிடுறாங்க.

மூணு, கார் லோன் வட்டிக்கு சம்பளக்காரங்களுக்கு வரிச்சலுகை கிடையாது. "80இஇபி இருக்கே"ன்னு சிலர் கேப்பாங்க. அது எலெக்ட்ரிக் வாகனத்துக்கு, அதுவும் 2019 ஏப்ரல் 1-ல இருந்து 2023 மார்ச் 31-க்குள்ள சாங்ஷன் ஆன லோனுக்கு மட்டும்.

நாலு, திரும்ப வராத பணம். சாலை வரியில கூட கொடுத்த 74,200 காரோட மதிப்புல சேராது. இன்சூரன்ஸ் ஐடிவி கணக்குல, காருக்கு நாலு வயசு தாண்டினா 50 சதவீதம் தேய்மானம். அதாவது கூட கொடுத்த 1,40,000-ல 70,000-தான் அப்போ பேப்பர்ல நிக்கும். ஆனா லோன்ல இன்னும் ரெண்டு, மூணு வருஷ இஎம்ஐ பாக்கி இருக்கும்.

வெளியில வாங்கி மாட்டினா?

மூணு வகை இருக்கு. மூணையும் ஒண்ணுன்னு நினைக்காதீங்க.

முதல் வகை, ஏற்கெனவே இருக்கிற பேடில் மேல ஒட்டுற நீட்டிப்பு. ஆன்லைன்ல சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். பேடில் பெருசாத் தெரியும், விரலுக்கு எட்டும், அவ்வளவுதான். நம்ம வேலூர், ராணிப்பேட்டை வெயில்ல நாள் பூரா நிறுத்தின காருக்குள்ள ஒட்டுப்பசை எத்தனை நாள் தாங்கும்னு யோசிங்க. கழண்டு போனாலும், இண்டிகேட்டர் தண்டுல இடிச்சாலும் தொந்தரவு உங்களுக்குத்தான்.

ரெண்டாவது வகை, பேடிலே இல்லாத கார்ல மேல் வேரியன்ட்டோட பேடிலை வாங்கிப் பொருத்துறது. இதுக்கு வயரிங் இருக்கணும், ஸ்டீயரிங் உள்ள இருக்கிற சுருள் கேபிள் அதை ஏத்துக்கணும், கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர்ல அந்த வசதி திறந்திருக்கணும். இதைவிட முக்கியம், பொருத்துறவர் ஸ்டீயரிங் ஏர்பேகைக் கழட்டணும். பேட்டரியை சரியா துண்டிக்காம கை வச்சா அது வெடிச்சு விரியலாம். திருப்பி மாட்டினதுல தப்பு நடந்தா, விபத்து அன்னைக்கு விரியாமலும் போகலாம். ரெண்டாயிரம் ரூபாய் ஆசைக்கு ஏர்பேகைப் பணயம் வைக்கக் கூடாது. கம்பெனி வாரன்ட்டியும் சிக்கலாகும். எலெக்ட்ரிக்கல் மாற்றம் எதுவா இருந்தாலும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்துல தெரிவிக்கணும். இல்லன்னா க்ளெய்ம் நேரத்துல அவங்க கேள்வி கேப்பாங்க, நம்மகிட்ட பதில் இருக்காது.

மூணாவது வகை, மேனுவல் கார்ல அழகுக்கு மாட்டுறது. அதைப் பத்திப் பேச வேண்டாம்.

என் முடிவு: ரெண்டாவது வகைக்கு வேண்டவே வேண்டாம். முதல் வகை வீண், ஆனா வீணாப் போறது சில நூறு ரூபாய்தான்.

அப்போ யாருக்கு சரி?

பேடிலே வேண்டாம்னு நான் சொல்லல. இந்த மூணு பேருக்கு அது சரிதான்.

உங்க பட்ஜெட்டுக்குள்ள நீங்க எப்படியும் வாங்கப்போற வேரியன்ட்லயே வந்தா, சந்தோஷமா எடுங்க. எடுத்தா கத்துக்கிட்டு யூஸ் பண்ணுங்க. பேடில் இருந்தும் ஏலகிரியில பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இறங்குறவங்க நிறைய பேர்.

உங்க வேலையோ சொந்த ஊரோ மலையில இருந்தா, வாரா வாரம் ஏறி இறங்குறவரா இருந்தா, கணக்கே வேற. வருஷத்துக்கு 2-ன்னு போட்ட இடத்துல 100 போட்டுப் பாருங்க. அப்பவும் லீவர்ல மேனுவல் மோட் இருக்கான்னு முதல்ல பாருங்க. சில மாடல்ல லீவர்ல பிளஸ், மைனஸ் இருக்காது, பேடில் மட்டும்தான் இருக்கும். அந்த மாதிரி கார்ல பேடிலுக்கு மதிப்பு அதிகம்.

எலெக்ட்ரிக் எஸ்யூவி எடுக்கிறவங்களுக்கும் வேற கணக்கு. நெக்ஸான் எலெக்ட்ரிக், க்ரெட்டா எலெக்ட்ரிக் மாதிரி கார்ல இதே இடத்துல இருக்கிற பேடில் கியர் மாத்துறதில்ல. ரீஜென் அளவைக் கூட்டிக் குறைக்குது. அதாவது வேகம் குறையும்போது எவ்வளவு சக்தி பேட்டரிக்குத் திரும்பணும்னு நீங்க முடிவு பண்றீங்க. அதை ஆபீஸ் போற ரோட்டுலயே தினமும் யூஸ் பண்ணலாம்.

மத்தவங்க, கூட காசு இருந்தா முதல்ல பார்க்க வேண்டியது இதெல்லாம்: ஆறு ஏர்பேக், இஎஸ்சி, மலையில பின்னாடி உருளாம பிடிக்கிற ஹில் ஹோல்ட், நல்ல டயர். இதெல்லாம் கீழ் வேரியன்ட்ல இல்லன்னா, அப்போ மேல போறதுக்கு ஒரு அர்த்தம் இருக்கு.

அந்த 3,500

தம்பியோட கணக்கை முடிச்சுடலாம். கீழ் வேரியன்ட்டுக்கு அவர் எடுக்க வேண்டிய லோன் 8,50,000. இஎம்ஐ சுமார் 13,900. சம்பளத்துல அஞ்சுல ஒரு பங்கு. மேல் வேரியன்ட்னா 17,400. நாலுல ஒரு பங்கைத் தாண்டிடும். பெட்ரோல், சர்வீஸ், இன்சூரன்ஸ் எல்லாம் இதுக்கு மேல.

அப்புறம் ஒண்ணு கேட்டேன். "அப்பா அம்மாவுக்கு ஹெல்த் இன்சூரன்ஸ் இருக்கா?"

"கம்பெனி குரூப் பாலிசியில இருக்காங்க அண்ணா."

"வேலை மாறினா? இல்ல, வேலை போனா?"

பதில் வரல. அவர் பார்க்கிறது ஏற்றுமதியை நம்பி நிக்கிற வேலை. 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா இந்தியப் பொருளுக்கு 50 சதவீத வரி போட்டப்போ, ராணிப்பேட்டையில இருந்து ஆம்பூர் வரைக்கும் எத்தனை வீட்டுல தூக்கம் வரலன்னு அவருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. ஆர்டர் நின்னா வேலை, வேலை நின்னா குரூப் பாலிசி, அப்பாவுக்கோ 61 வயசு, சுகர் இருக்கு. அந்த வயசுல, அந்த நோயோட புதுசா பாலிசி எடுக்கப் போனா காத்திருப்புக் காலம் இருக்கும். இன்னைக்கு எடுத்தா அது இன்னைக்கே ஓட ஆரம்பிக்கும்.

மாசம் 3,500-ன்னா வருஷம் 42,000. அப்பா அம்மாவுக்குத் தனியா ஒரு பாலிசிக்கு அது நல்ல ஆரம்பம். 2025 செப்டம்பர் 22-ல இருந்து தனிநபர் ஹெல்த் பாலிசி பிரீமியத்துக்கு ஜிஎஸ்டியும் இல்ல. பழைய வரி முறையில இருக்கிறவங்களுக்கு, 60 வயசு தாண்டின பெற்றோருக்குக் கட்டுற பிரீமியத்துல 50,000 வரைக்கும் கழிவும் உண்டு. பாலிசி ஏற்கெனவே இருக்கிறவங்க, அதே 3,500-ஐ 6.5 சதவீதம் தர்ற ஆர்டி-ல போட்டாக் கூட 7 வருஷத்துல சுமார் 3,70,000 கையில நிக்கும்.

கொட்டேஷன் ரெண்டையும் எடுத்துக்கிட்டு, "வீட்டுல பேசிட்டு சொல்றேன் அண்ணா"ன்னு கிளம்பினார். பத்து நாள் கழிச்சு ஃபோன் பண்ணினார். முதல்ல கார் பேச்சே எடுக்கல. "அப்பாவுக்கு பாலிசி ப்ரொபோசல்ல சுகரை எழுதணுமா, எழுதினா ரிஜெக்ட் பண்ணிடுவாங்களா?"ன்னு கேட்டார். கண்டிப்பா எழுதணும்னு சொன்னேன். மறைச்சா பாலிசி இருந்தும் இல்லாத மாதிரிதான். கடைசியில போற போக்குல, கீழ் வேரியன்ட்டையே புக் பண்ணிட்டேன்னு சொன்னார்.

நீங்க இந்த வாரம் செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு. இப்போ ஓட்டுற ஆட்டோமேட்டிக் கார்ல, இல்லன்னா நண்பரோட கார்ல, லீவர் மேனுவல் மோடை ஒரு மாசத்துல எத்தனை தடவை தொடுறீங்கன்னு ஃபோன்ல குறிச்சு வைங்க. அந்த நம்பரை வச்சு முடிவு பண்ணுங்க. சாலை வரி, இஎம்ஐ கணக்கை வரிவரியா போட்டுக் காட்டுறதை சேனல்ல வீடியோவாவும் பார்க்கலாம். உங்க கொட்டேஷனைப் பக்கத்துல வச்சுக்கிட்டுப் பாருங்க.

ஏலகிரி போனா, இறங்கும்போது ரெண்டாவது கியர். பேடில் இருந்தாலும் சரி, இல்லன்னாலும் சரி.